வடகடலும் தென்கடலும்

பாம்பன் தீவில் கோடை பிறந்ததைக் காற்றுதான் சொல்கிறது. ஐப்பசி முதல் அடித்த வாடை பங்குனியில் ஓய்கிறது. சித்திரையில் சில வாரங்கள் தீவின் இருபுறமும் கடல் குளமாய்க் கிடக்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வலுக்கத் தொடங்கும். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். கச்சானில் தென்கடல் புரளும்போது தீவே மறைப்பாக நிற்பதால் வடகரை அடங்கியிருக்கும். தென்கரை நாட்டுப்படகுகள் பல அப்போது வடக்கே வந்து சேர்கின்றன. வாடைக் காலத்தில் திரும்பிப் போகின்றன. நீவாடும் (கடல் நீரோட்டம்) காற்றோடு திரும்புகிறது: வாடையில் தெற்கே, கச்சானில் வடக்கே. வலையை எங்கே விட்டு எங்கே எடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

இதே பருவத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. தமிழகத்தில் 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல் 61 நாளானது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பது சொல்லப்படும் காரணம். வெப்பக்கடல் மீன்கள் எல்லாம் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. ஆகவே அந்தக் கணக்கு பாதிதான் சரி. இழுவைமடி இரண்டு மாதம் கடல்தரையைச் சுரண்டாமல் இருப்பதே பெரிய ஆதாயம். தடையில்லாத நாட்டுப்படகுகளுக்கு இது விலை கிடைக்கும் காலமும்கூட.

வடகடல் ஆழமில்லாதது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. அங்கே நண்டுவலைக்குத்தான் முதலிடம். மாலையில் விட்ட வலை விடியலில் கரையேறும். அதன் பிறகே நேரம் பிடிக்கும் வேலை. கீற்றுக் கொட்டகை நிழலில் குடும்பமே வலையைச் சுற்றி உட்காரும். நண்டை முதுகுப்புறமாக அழுத்திப் பிடித்து, காலில் சுற்றிய நூலை ஒவ்வொன்றாக விலக்குவார்கள். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும். ஒடிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். இந்த நண்டின் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரை போகிறது. வலை பிரிப்பவர்களில் பெண்களே அதிகம். அந்த உழைப்பு பெரும்பாலும் கூலிக் கணக்கில் ஏறுவதில்லை.

தனுஷ்கோடியில் கரைவலை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, படகு அரைவட்டமாக வலையை வளைத்து மறுமுனையைக் கொண்டுவரும். இரு கயிற்றையும் இரு வரிசை ஆட்கள் இடுப்பில் கொக்கி மாட்டி, பின்னோக்கி நடந்தே இழுக்கிறார்கள். மடி நெருங்க நெருங்க இரு வரிசையும் ஒன்றையொன்று அணுகும். சில நாள் மடி நிறையச் சாளை. சில நாள் சொறிமீனும் பாசியும்தான். கச்சான் முற்றினால் அலை உயர்ந்து வலை வளைக்க முடியாது. மணல் பறந்து சாலையையே மூடும்.

வெயில் ஏறிக் கடல்நீர் சுடும்போது தென்கடலின் பவளப்பார்கள் வெளிறுவதுண்டு. 2010, 2016 கோடைகளில் அது பெரிதாக நடந்தது. பாரை அண்டி வாழும் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்களுக்கு அது நல்ல சேதியல்ல.

ஜூன் 15 முதல் விசைப்படகுகள் மறுபடி இறங்கும். இராமநாதபுரத்தில் வாரத்தில் மூன்று நாள் அவற்றுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை. வரத்து பெருகி விலை இறங்க, தடைக்காலத்தில் வாங்கிய கடனை அடைக்க விசைப்படகுக்காரர்களும் அந்த விலைக்கே விற்கிறார்கள்.