ஏற்றிய நீரை இறக்குதல்

டிராக்டரின் பின்சக்கரங்களுக்குள் காற்று மட்டுமே அடைபட்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் அநேகம். எங்கள் களக்காட்டுப் பக்கத்தில் பல வண்டிகளில் அவ்வாறில்லை. மலையடிவாரத்துப் புஞ்சையைக் கோடையில் உழும்போதும், ஏத்தன் தார்களை ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போதும் டிராக்டரின் சொந்த எடை போதுவதில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைப் பறிக்கும். ஆகவே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டு, பம்புசெட்டுக் குழாயால் டயருக்குள் தண்ணீரை ஏற்றுவார்கள். தண்ணீர் வால்வின் மட்டத்தைத் தொட்டதும் நிறுத்தினால் முக்கால் பங்கு நிரம்பியிருக்கும். மிச்சத்துக்குக் காற்று. நடுத்தர அளவுள்ள ஒரு டயர் 150 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு சக்கரங்களுக்குமாக, ஐந்தாறு ஆட்கள் அச்சின் மேல் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். காசு செலவில்லாத எடை.

ஆனால் அதே டிராக்டர் பிசான நடவுக்குத் தொளி அடிக்க வயலில் இறங்கும்போது இந்த எடையே பகையாகிவிடும். புஞ்சையில் பிடிப்பைக் கொடுத்தது நஞ்சையில் வண்டியைப் புதைக்கும். அதனால் கேஜ்வீல் பூட்டுவதற்கு முன்பே தண்ணீரை இறக்கிவிடுவது நிதானமுள்ளவர்களின் வழக்கம். ஏற்றுவதைச் சிறுவர்களும் செய்துவிடுவார்கள். எப்போது இறக்குவது, எவ்வளவு இறக்குவது என்பதை அறிந்தவருக்கே ஊரில் மதிப்பு.

களக்காட்டோடு முடிந்துபோகும் சங்கதி என்று நாங்கள் நினைத்திருந்த இதை, 2023ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஒரு படகுக்குள் மறுபடி காண நேர்ந்தது. எங்கள் மகன் ஆஸ்டின் நகரில் வேலை பார்க்கிறான். அவனும் நண்பர் ஒருவருமாகப் பழைய வேக்போர்டிங் படகு ஒன்றை வாங்கியிருந்தார்கள். படகின் பின்னே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால்களில் பலகையைப் பூட்டி, படகு எழுப்பும் அலையில் ஏறித் தாவுகிற விளையாட்டு அது. சாதாரணப் படகோட்டிக்குத் தன் பின்னால் அலை எழுவது வீண். இவர்களுக்கோ அலைதான் வேண்டும். படகு எவ்வளவு ஆழமாக அமிழ்ந்து போகிறதோ அவ்வளவு நீரை ஒதுக்கித் தள்ளும். ஒதுங்கிய நீர் திரும்பி வந்து கூடுகிற இடத்தில் அலை உயரும். எனவே அடிப்பாரம் தேவை. புதிய படகுகளில் அதற்கான தொட்டிகளைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். பழைய படகுக்காரர்கள் பையும் பம்பும் வாங்கித் தாமே பொருத்திக்கொள்கிறார்கள்.

"ஏலே, ஓட்டை விழுந்தாத்தான் படகுக்குள்ள தண்ணி வரும். நீ மோட்டார் வச்சுல்லா ஏத்துத?" என்று நாங்கள் கேட்டதற்கு அவன் சிரித்தான். "நம்ம டிராக்டர் டயருல ஏத்தலையாப்பா?" என்றான். அதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு சனிக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. படகின் அடிப்பாகத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, வட்ட ரம்பத்தால் துளை போட வேண்டும். வாகாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படகில் கையறிந்து ஓட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனத்திடம் வேண்டும். துளையில் உலோகக் கழுத்து ஒன்றைப் பொருத்தி, கடல்நீருக்கு அசையாத பசையால் அடைத்து, அதன் மேல் கையால் திருகி மூடும் வால்வு. அதிலிருந்து பம்பு, பம்பிலிருந்து தடித்த குழாய் வழியாக இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் பைகள். பை நிரம்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற, நீர்மட்டத்துக்கு மேலே இன்னொரு சிறு துளை. பம்புகளில் இருவகை உண்டு. ரப்பர் இதழ்கள் சுழலும் வகையைத் திருப்பி ஓட்டினால் அதுவே தண்ணீரை இறக்கியும் விடும். ஆனால் வறட்சியாக ஓடினால் இதழ்கள் பொசுங்கும். மற்ற வகை மலிவு; ஏற்றுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என்று தனித்தனியே வைக்க வேண்டும். மகன் வாங்கியது இரண்டாவது வகை. மணிக்கு 1,100 கேலன் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 லிட்டர். குழாயின் வளைவுகளைத் தாண்டிப் பைக்கு வந்து சேர்ந்தது 50தான் இருக்கும்.

சச்சரவு எழுந்தது பைகளின் அளவில். பின்பக்கத்துக்கு 340 கிலோ கொள்ளும் பைகள் இரண்டு, முன்பக்கத்துக்கு 180 கிலோ பை ஒன்று என அவன் வாங்கி வைத்திருந்தான். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு தகடு ஒட்டியிருந்தது. ஆட்களும் பொருள்களுமாக இந்தப் படகு 1,800 பவுண்டுக்கு மேல் சுமக்கலாகாது என்றது அது. கிலோவில் 815. மூன்று பைகளும் நிரம்பினாலே 860. ஆள் ஒருவர்கூட ஏறாமலே தகட்டின் சொல் மீறப்பட்டுவிடும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மகன் சொன்னான். எட்டு வயதுப் பேத்தி அந்தப் படகில் முன்னிருக்கையில் உட்காரப் போகிறவள். முன்பாரம் மிகுந்த படகு சட்டென்று வேகம் குறைத்தால் தன் அலையையே முகப்பின் வழியாக வாரிக்கொள்ளும். மருமகள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம்.

பெரிய பைகளைப் பாதி மட்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்று மகன் சமாதானம் சொன்னான். அது இன்னும் ஆபத்து. நிறைகுடம் தளும்பாது என்று நம்மவர்கள் ஒழுக்கத்துக்குச் சொன்னது கப்பல் சாத்திரத்துக்கும் பொருந்தும். பாதி நிரம்பிய பையில் தண்ணீர், படகு சாய்கிற பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை மிகுவிக்கும். பாதி பீப்பாய் தண்ணீரோடு மாட்டுவண்டியில் மேடு பள்ளம் கடந்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பையைக் குறையாக வைப்பதைவிடச் சிறிய பையை நிறைத்து வைப்பதே முறை என்று சொன்னோம். அவன் உடனே ஒப்பவில்லை. மறுநாள் காலையில், "சின்ன வயசுல மட்கார்டுல ஏறி உக்காரவே நீங்க விட்டதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரிய பைகளைக் கடையில் மாற்றக் கொண்டுபோனான். மூன்றும் 180 கிலோ பைகளாக வந்தன. மொத்தம் 540. மிச்சமிருக்கும் 275 கிலோவில் குடும்பம் நிம்மதியாக அடங்கும்.

டிராவிஸ் ஏரியில் படகு இறங்கிய அன்று, மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் அது எழுப்பிய அலை முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே வந்தது. பக்கத்துப் படகுகளின் அலைகள் இடுப்பளவு எழுந்தன. மகனுக்கு உள்ளூரக் குறை இருந்திருக்கலாம். பேத்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கூவியதில் அது எங்கள் காதுக்கு எட்டவில்லை.

ஆயினும் நாங்கள் அங்கே கற்றுக்கொண்டது கரையேறிய பிறகுதான். டெக்சஸில் ஏரியை விட்டு எடுக்கும் படகிலிருந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் நடைமுறையில் உள்ளது. காரணம், விரல்நகம் பருமனுள்ள வரிச்சிப்பி ஒன்று. உடலில் வரிக்குதிரையின் கோடுகள் உள்ளதால் அந்தப் பெயர். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்களின் அடிப்பார நீரில் பயணம் செய்து வட அமெரிக்கப் பேரேரிகளை அடைந்ததை 1988இல் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து ஏரி ஏரியாகத் தாவி, 2017இல் டிராவிஸ் ஏரிக்கும் வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் ஆஸ்டின் நகரக் குடிநீர் நாற்றமடித்ததற்கு, நீரேற்றும் குழாய்க்குள் அப்பிக்கிடந்த இச்சிப்பிகளே காரணம். அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பம்பு இறக்கிவிட்ட பிறகும் பையின் மடிப்பில் தங்கிவிடுகிற நாலைந்து லிட்டர் நீர் அதற்குப் போதும்.

பெரிய கப்பல்களின் கதையும் இதுவே. ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கிய கப்பல் நிலைகுலையாமல் போக அங்கேயே கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது. சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை வடிக்கிறது. நீரோடு அந்தக் கடலின் உயிர்களும் இறங்குகின்றன. இதைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூர், பழவேற்காடு பக்கத்து மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் சிப்பி தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்களின் அடிப்பார நீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கழிமுகத்தின் தரையில் கம்பளம் விரித்தாற்போல் அது படர்ந்துவிட, இறாலுக்கு ஒதுங்க மண்ணில்லை. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, யாரோ எங்கோ ஏற்றிய பாரத்தின் கணக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கிறது.

பாரம் ஏற்றுகிறவன் தன் வண்டிக்கும் தன் அலைக்கும் மட்டுமே கணக்குப் பார்க்கிறான். இறக்குகிற இடத்தில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. தொளி வயலில் புதைவது நம் வண்டி என்பதால் நாம் இறக்கக் கற்றுக்கொண்டோம். புதைவது அடுத்தவர் பிழைப்பாக இருந்தால் அதற்குச் சட்டமும் உடன்படிக்கையும் தேவைப்படுகின்றன.

மகனுக்கு வேறோர் ஏரிக்குப் படகைக் கொண்டுபோகும் ஆசை அந்தக் கோடை முழுவதும் இருந்தது. போவதற்கு முன் மூன்று பைகளையும் கழற்றி, வாயைத் திறந்து கவிழ்த்து, வீட்டின் பின்கட்டு வேலியில் தொங்கவிட்டான். ஒரு வாரம் வெயில் குடித்த பிறகும் தன் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தான். ஈரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை படகு கொட்டகையை விட்டு நகரவில்லை.