பாட்டனார் கற்பித்த நிதானம்

சென்ற ஆண்டு மூன்றாம் பருவத் தேர்வில் திருக்குறள் வினாத்தாளுக்கு விடை எழுதிக்கொண்டிருந்த யான், இடையே மயங்கி விழுந்தேன். நண்பர் பலரும் கண்ட காட்சியாதலின் அதனை மறைத்துப் பயனில்லை. ஆயினும் அவர்கள் அறியாத செய்தி ஒன்றுண்டு. அவ்வேளையில் யான் எழுதிக்கொண்டிருந்தது ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தைப் பற்றிய விடை. வள்ளுவர் மருந்தென்று பெயரிட்டுவிட்டு, அவ்வதிகாரத்தின் பத்துப் பாக்களுட் பெரும்பகுதியை உணவின் அளவுக்கும் பசியை அறிதற்குமே ஒதுக்கினார் என்பதையும், முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பானுக்கு மருந்தே வேண்டுவதின்று என அவர் கருதினார் என்பதையும் வெகு நேர்த்தியாக இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். முந்தின நாட் பகலுக்குப் பின் யான் உண்டவையோ இரண்டு குவளை தேநீரும் ஒரு வடையுமே.

என் அன்றாட ஒழுங்கை இங்குச் சிறிது கூற வேண்டும். பெருமைக்காக அன்று, அக்காலத்தில் அதனைப் பெருமையென்றே எண்ணியிருந்தேன் என்பதற்காகவே கூறுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மணல் தேரியை அடுத்த சிற்றூர் எங்களுடையது. விடியுமுன் எழுந்து 6 மணிப் பேருந்தைப் பிடித்தாலன்றி முதல் வகுப்புக்கு வந்து சேர இயலாது. மாலையில் ஊர் திரும்பியதும் எட்டுச் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பேன். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அதிலிருந்தே வருகிறது. பின்னர்ச் சொற்போட்டிக்குக் குறிப்பெடுத்தல், ஞாயிறு பாடகர் குழுவுக்குப் பயிற்சி, நள்ளிரவு கடந்த படிப்பு. இவை யாவற்றிற்கும் இடையிடையே கைப்பேசி. உண்ணும்போது படித்தேன், படிக்கும்போது கைப்பேசியை நோக்கினேன், பேருந்திலே உறங்கினேன், வகுப்பிலும் சில வேளை உறங்கினேன் (ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க). எச்செயலைச் செய்யும்போதும் என் மனம் அதற்கு அடுத்த செயலில் இருந்தது.

மயக்கந் தெளிந்தபின் செவிலியம்மையார் என்னைப் பார்த்து, “தம்பி, கடைசியா எப்ப உட்கார்ந்து சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். அன்றைய வினாக்களுள் யான் விடையளிக்க இயலாமற்போனது அதுவொன்றே.

வீடு சேர்ந்ததும் அன்னையார் அழுதார். பாட்டனார் அழவுமில்லை, கடியவுமில்லை. திண்ணையில் இருந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஏலே, மரத்தடியிலே நிக்காம ஏறிட்ட, என்ன?” என்றார். இதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு அவரே விளக்கினார்.

என் பாட்டனார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பனையேறியவர். பனை நம் மாநிலத்தின் மரம் என்பதை அறிந்தோர் பலர். பனையேற்றத்தை அருகிருந்து கண்டோர் இன்று சிலரே. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்பேன். பங்குனி முதல் ஆடி வரையில் பதனீர்க் காலம். காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும். சீவாது விடின் ஊறல் நின்றுபோகும். பாளையிற் கட்டிய கலயத்தின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவியிருத்தல் வேண்டும்; தடவாவிடின் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். மரத்தின் அடியில் முருக்குத்தடியைச் சாய்த்து அதில் மிதித்தேறி, காலில் தளைநாரை இட்டு, இடுப்பில் அரிவாட்பெட்டி தொங்க, மார்பு மரத்தில் உராய ஏறுவர். பாட்டனாருக்கு 30 மரங்கள். நாளொன்றுக்கு இருமுறையாக 60 ஏற்றம். மரம் 50 அடியெனக் கொண்டாலும், நாள்தோறும் 3000 அடி ஏறி அவ்வளவும் இறங்கினார் என்று கணக்காகிறது. நம்மில் எவருடைய நாளும் அவருடைய நாளினும் ஓய்வற்றதென்று யான் துணிந்து கூறேன்.

இத்தகையவர் ஒவ்வொரு மரத்தடியிலும் சற்று நிற்பாராம். வலக்கையை மரத்தின்மீது வைப்பார். தளைநாரின் முடிச்சைப் பார்ப்பார். ஒருமுறை மூச்சை இழுத்து விடுவார். முந்தின மரத்தில் எவ்வளவு ஊறியிருந்தது, அடுத்த மரத்தில் எவ்வளவு ஊறியிருக்கும் என்னும் எண்ணத்தை அவ்விடத்தே விட்டுவிட்டு ஏறுவார். அவருடைய தந்தையார் அவருக்குக் கற்பித்த பாடம் இது. ‘முன்னால ஏறின மரம் கால்ல ஒட்டிக்கிட்டு வரப்படாது’ என்பாராம் அம்முதியவர்.

காலை ஏற்றம் முடிந்தபின் கைகால் கழுவி, விடிலியின் நிழலில் அமர்ந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பழங்கஞ்சி அருந்துவார். அப்போது எவரோடும் பேசமாட்டார். நண்பகலில் ஓலைப்பாயில் அரைமணி நேரம் கண்ணயர்வார். மாலையில் வெந்நீரில் நீராடி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வார். காய்த்துப்போன கையிற் பிளவு கண்டால் பிடி தளரும் என்பதே காரணம். இவற்றை அவர் ஒரு நோன்பாகக் கருதினாரல்லர். அரிவாளைத் தீட்டுவது போலத் தொழிலின் ஒரு பகுதியென்றே கொண்டார்.

ஆனால் அவர் ஒருநாள் விழுந்தார். அவருடைய இடக்கால் சற்றுக் குட்டை என்பதை யான் குழந்தைப் பருவமுதற் கண்டிருக்கிறேன். காரணத்தைக் கேட்டது அவ்விரவிலேதான். 1986-ஆம் ஆண்டு வைகாசியில், ஓரிரவு என் அத்தைக்குக் கடுஞ்சுரம் கண்டது. பாட்டனார் அவரைத் தோளிற் சுமந்து பெருவழி வரை நடந்து, வண்டி பிடித்து மருத்துவமனை சேர்த்து, இரவு முழுதும் விழித்திருந்து, விடியலில் ஊர் திரும்பினார். மரங்கள் காத்திருந்தன. கஞ்சி அருந்தாமல், எந்த மரத்தடியிலும் நில்லாமல், ஓடியோடி ஏறினார். பதினேழாம் மரத்தில் தளைநார் சரியாக விழவில்லை. இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்ததால் உயிர் தப்பியது, தொடையெலும்பு முறிந்தது. அவ்வாண்டு கருப்பட்டி இல்லை. முன்பணம் தந்த வணிகருக்குக் கடன் ஏறிற்று. எட்டாம் வகுப்பில் முதல் மாணவராக இருந்த என் தந்தையார் பள்ளியை விட்டு, வெளியூரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குச் சென்றார். இன்றும் கடைவேலையே செய்கிறார். வீட்டில் அவருடைய எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஒன்று உளது. யான் தமிழிலக்கியம் பயில விரும்பியபோது, உறவினர் பலர் தடுத்தும், அவர் ஒருவர் மட்டும் ஏன் மறுக்கவில்லை என்பது எனக்கு அன்றிரவுதான் விளங்கிற்று.

“பிள்ளைக்காக முழிச்சிருந்தது தப்பில்லை, மக்கா. ஒருநாள் ஊறல் போனாப் போகட்டும்னு படுத்திருக்கணும். என் ஒடம்பு எனக்கு மட்டும் உள்ளதுன்னு நெனச்சி அதை ஏமாத்திட்டேன்” என்றார் பாட்டனார். சிறிது நேரங் கழித்து, கோயிலில் எப்போதோ கேட்ட எலியா தீர்க்கதரிசியின் கதையை நினைவூட்டினார். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்துவிட்ட அத்தீர்க்கதரிசியிடம் வந்த தூதன், முதலில் ஒரு கட்டளையும் இடவில்லை; சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான்; மீண்டும் உறங்கவிட்டான்; எழுந்ததும் மறுபடி உண்பித்தான். நெடும்பயணம் அதன் பின்னரே. யான் அப்பகுதியைப் பலமுறை வாசித்தவன். அடையை அன்றுவரை கவனித்தேனல்லேன்.

இதன்பின் யான் செய்தது மிகச் சிறிது. சொற்போட்டியை இவ்வாண்டு விட்டேன்; அதில் எனக்கு இன்னும் வருத்தமுண்டு, அணியின் நண்பர்களுக்குக் கோபமும் உண்டு. இரவு 11 மணிக்கு விளக்கணைக்கிறேன். ஒரு வேளையாயினும் அமர்ந்து, கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு உண்கிறேன். பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையைப் பாடமாகப் படித்தபோது, பெருவாயின் முள்ளியார் உண்ணும் முறைக்கு இத்துணை விதிகள் வகுத்தது ஏனென்று நகைத்தவன் யான். நின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் உண்ணற்க என்கிறார். உண்ணும்போது வேறொன்றை நோக்கவும் வேண்டா, பேசவும் வேண்டா என்கிறார். கைப்பேசி தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே அதனை விலக்கிவிட்ட புலவர் அவர்.

முதல் நாள் அவ்வாறு உண்ண அமர்ந்தபோது நேர்ந்ததை உள்ளபடி கூறுவேன்: எனக்கு அச்சமாயிருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் வேலையில்லாத அந்த நேரத்தில், தேர்வைப் பற்றியும் தந்தையாரின் உழைப்பைப் பற்றியும் ஒத்திவைத்திருந்த கவலைகள் எல்லாம் ஒருங்கே வந்து எதிரில் அமர்ந்தன. யான் இத்துணை நாளும் ஓடிக்கொண்டிருந்தது வேலையின் மிகுதியால் மட்டுமன்று என்பதை அப்போது கண்டேன். உணவு முடிய ஆனதோ பன்னிரண்டு நிமிடமே. மூன்றாம் வாரத்தில் உள்தேர்வு வந்ததும் பழைய வழக்கம் திரும்பிற்று. பத்து நாட்கள் நின்றபடியே விழுங்கினேன். பின்னர் மீண்டும் அமர்ந்தேன். இப்போதும் இடையிடையே தவறுகிறது.

வகுப்புக்குள் நுழையுமுன் கதவுநிலையில் கைவைத்துச் சற்று நிற்பதும் ஒரு வழக்கமாயிற்று. இதனைக் கண்டு என்னை நகையாடும் நண்பர்க்கு இக்கட்டுரையே விடை.

அவர்களுள் ஒருவர் கேட்ட வினா மட்டும் எளிதில் விடுவதாயில்லை. “அமர்ந்து உண்ணவும் உறங்கவும் நேரமுள்ளோர்க்கன்றோ இப்பேச்செல்லாம்? உன் பாட்டனாருக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்தவர் யார்?” என்றார். யான் உடனே அறுபது ஏற்றத்தின் கணக்கைச் சொல்லி வாதில் வென்றேன். ஆயினும் வீடு திரும்பும் பேருந்தில் அவ்வினா என்னோடு வந்தது. பாட்டனார் பாயில் கண்ணயர்ந்த அவ்வரைமணியில் பதனீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர் என் பாட்டியார். ஓலையை எரித்து, அனலிற் பல மணிநேரம் நின்று கிளறி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது அவருடைய வேலை. இடையில் அகன்றால் அடிபிடிக்கும். அவர் எப்போது உண்டார் என்று பாட்டனாரிடம் கேட்டேன். முதியவர் நெடுநேரம் தேரிப்பக்கமே நோக்கிக்கொண்டிருந்தார். “அவ இருந்து சாப்பிட்டு நான் பாக்கலை” என்றார். பாட்டியார் 2015-இல் மறைந்தார்.

என் அன்னையார் பள்ளியொன்றின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். ஊரார் பிள்ளைகட்குச் சோறிட்டு வந்து, எங்களுக்கும் சமைத்து, எல்லோர்க்கும் பரிமாறிய பின்னர், அடுக்களையில் நின்றவாறே ஒரு கையில் தட்டை ஏந்தி உண்பது அவர் வழக்கம். பத்தொன்பது ஆண்டுகள் இதனை யான் கண்டும் கண்டிலேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. யானும் பாட்டனாரும் உண்ண அமர்ந்தோம். அன்னையார் வழக்கம் போலக் குழம்புச் சட்டியோடு நின்றார். பாட்டனார் கைதட்டிலிருந்து விலகியது; குட்டைக்காலை ஊன்றி எழுந்து, மூலையிற் கிடந்த மணைப்பலகையை எடுத்து வந்து எங்கள் அருகிற் போட்டார். “எம்மா, நீ இரி. இவன் பரிமாறுவான்” என்றார். அன்னையார் நாணினார், மறுத்தார், வேலை கிடக்கிறதென்றார். யான் சட்டியை வாங்கிக்கொண்டேன். இறுதியில் அமர்ந்தார். சோறிட்டுக் குழம்பு வார்த்தேன். பிசைந்து ஒரு கவளம் உண்டார், மெல்ல மென்றார், இன்னொரு கவளம் உண்டார். பின்னர் நிமிர்ந்து எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொளம்புல உப்பே பத்தலையே! இம்புட்டு நாளும் இப்படியா வச்சிருந்தேன்? ஏன் ஒருத்தரும் சொல்லலை?” என்றார்.