சத்தத்தைக் கூட்டினேன்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னச் சபையில் சில வருடங்கள் நான்தான் ஆராதனை நடத்தினேன். துதித்தால் பயம் ஓடிவிடும் என்று அங்கே எத்தனையோ தடவை மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அதே நாட்களில் ராத்திரி நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவேன். வேலூரில் ஒரு டாக்டரைப் பார்த்து அதற்கு மாத்திரையும் சாப்பிட்டு வந்தேன். சபையில் அதைச் சொன்னதில்லை.

2015 ஏப்ரல் 5, ஈஸ்டர். ஜெப விண்ணப்ப நேரத்தில் ஒரு அம்மா எழுந்து, "பையன் கூலி வேலைக்குன்னு போனான் ஐயா. எந்த ஊருன்னு சொல்லல. போன் போவல. பயமா இருக்குது" என்றார். மலையில் இதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மானாவாரிச் சாமையை நம்பி வருடம் முழுக்க ஓட்ட முடியாது. முன்பணத்தோடு வருகிற ஏஜெண்டு ஆட்களை ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போவான். எனக்கும் அது தெரியும். அந்த அம்மா மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நான் கீபோர்டு தம்பிக்குக் கை காட்டினேன். "பயப்படாதீங்கம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்லி வேகமான பாட்டு ஒன்றை எடுத்தேன். எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். அவரும் தட்டினார்.

ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த அம்மாவின் மகன் அதில் இல்லை. பிற்பாடு வீடு வந்து சேர்ந்தான். நாம் துதித்ததால் கர்த்தர் காப்பாற்றினார் என்று நான் அதைச் சாட்சியாகவே சொன்னேன். பிணமாக ஆள் வந்த வீடுகளும் அதே மலையில்தான் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களும் தங்கள் சாமியிடம் வேண்டியிருப்பார்கள். என் சாட்சியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த அம்மாவைத் தேற்றுவதற்காக நான் பாடவில்லை. அவர் பேசி முடித்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போக வேண்டும், ஏஜெண்டு யார் என்று விசாரிக்க வேண்டும். அதற்கெல்லாம் எனக்குத் தைரியம் இல்லை.

துதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யோசபாத் ராஜாவைத்தான் இழுப்பேன். படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தி ஜெயித்தவர் அல்லவா. 2 நாளாகமம் 20-இல் அந்த இடம் 21-ஆம் வசனம். அதற்கு வெகு முன்னாலேயே, 3-ஆம் வசனத்தில், ராஜா பயப்படுகிறார். 12-இல், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஜனங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்கிறார். பெண்களும் குழந்தைகளும் நின்று கேட்கிறார்கள். பாட்டு அதற்குப் பிறகுதான். நான் எப்போதும் 21-லிருந்தே ஆரம்பித்தேன். 88-ஆம் சங்கீதம் துதிக்குத் திரும்பாமல் இருட்டிலேயே முடிகிறது. அதை ஒரு ஞாயிறுகூடச் சபையில் வாசித்ததில்லை.

பாட்டில் பயம் அடங்கும், அதை நான் மறுக்கவில்லை. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் அடிபட்ட உடம்போடுதான் பாடினார்கள். ஆனால் அது அவர்கள் பட்ட அடி, அவர்களே எடுத்த பாட்டு. நானோ ஒரு தாயைப் பேசவிடாமல் பாடினேன்.

ஆராதனை நடத்துகிற தம்பி தங்கைகளே, விண்ணப்ப நேரத்தில் கீபோர்டை அணைத்து வையுங்கள். எழுந்து நிற்பவர் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூடப் போக வேண்டுமென்றால் போய்விட்டு வாருங்கள். பாட்டை அப்புறம் பாடலாம்.