பின்சீட்டு

எங்கள் குடும்பத்தில் மூன்று வருடமாக ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன இடத்தில், கொலராடோ ஆற்றில், என் மனைவி படகைக் கவிழ்த்த கதை. சொல்பவன் நான். வளைகாப்பு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் "மாமா, அந்தப் படகுக் கதையைச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுப்பார். நான் ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தொடங்குவேன். துடுப்பை அவள் சாம்பார்க் கரண்டி மாதிரிப் பிடித்ததில் ஆரம்பித்து, "அய்யோ, ஆடு!" என்று மலையைக் காட்டிச் சாய்ந்ததில் படகு குப்புற விழுந்தது வரை சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்தக் கதையில் படகு கவிழ்ந்தது மட்டும்தான் உண்மை. கவிழ்த்தது நான்.

பொதுப்பணித்துறையில் 32 வருடம் வேலை பார்த்தவன் நான். மதகு, கலங்கல், கன அடி, டி.எம்.சி. என்று வாய் ஓயாமல் பேசிய ஆள். ஆனால் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாய் கழுத்தளவு நிறைந்து நான் பார்த்தது மூன்றோ நான்கோ தடவை. நீச்சல் பழகும் வயதில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கிற ஊர்களுக்கு மாற்றலாகிப் போனபோது வெட்கம் வந்துவிட்டது. அணைக்கட்டு இன்ஜினியருக்கு நீச்சல் தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆய்வுக்குப் படகில் போகும்போதெல்லாம் நடுப்பலகையில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்து வைத்துக்கொள்வேன். என் மனைவி திருவையாற்றுக்காரி. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு காவிரியில் படித்துறைக்குப் படித்துறை நீந்தியவள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

2022 நவம்பரில் பீனிக்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று அவன் ஹூவர் அணைக்குக் கூட்டிப் போனான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் அணைக்குக் கீழே ப்ளாக் கேன்யன் பள்ளத்தாக்கில் கயாக் பயணம் ஒன்றுக்கும் பணம் கட்டியிருந்தான். வழிகாட்டி கூடவே வருவார், முதல்முறை துடுப்புப் பிடிப்பவர்களுக்கானது, அரை நாள்தான், எழுபது வயதுக்காரர்கள்கூட வருகிறார்கள் என்றான். "உங்கப்பா தண்ணியிலேயே வாழ்ந்தவர்டா" என்று நானே என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டேன்.

அணையின் மேல் நின்று நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது காது கூசுகிறது. 726 அடி உயரம். 1931இல் தொடங்கி நான்கைந்து வருடத்தில் முடித்துவிட்டார்கள். கான்கிரீட் தானாகக் குளிர்வதென்றால் நூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், உள்ளே குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓட்டிச் சூட்டைத் தணித்தார்கள். நம் மேட்டூர் 1934இல் முடிந்தது, ஆகவே இரண்டும் ஒரே தலைமுறை. இந்த அணை தேக்கும் மீட் ஏரி நிரம்பினால் 12 மேட்டூர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். ஆனால் அந்த ஜூலையில்தான், 1930களில் முதன்முதலாக நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்கு ஏரி இறங்கியிருந்தது. பாறைச் சுவரெல்லாம் பழைய நீர்மட்டம் விட்டுப்போன வெள்ளைக் கறை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் வேறு நின்று கேட்டது. எனக்கு இன்னும் ஏறிப்போய்விட்டது.

அந்தப் பேச்சில் ஒரு விவரத்தை அழுத்திச் சொன்னேன். ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்து டர்பைன் வழியாக விடும் தண்ணீர் என்பதால், கீழே ஆறு வருடம் முழுக்க 12, 13 டிகிரிதான் இருக்கும். கோடையில் மேலே 45 டிகிரி கொளுத்தினாலும் கீழே பனிக்கட்டி போல ஓடும். விழுந்தவனுக்கு முதல் நிமிடத்தில் மூச்சு தன் வசத்தில் இருக்காது. இதையெல்லாம் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. ராத்திரி லாஸ் வேகாஸ் ஓட்டலில் படுத்தபோது அதே விவரம் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தெரியாதவன் தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் வில்லோ பீச் போய்ச் சேர்ந்தோம். அது அரிசோனா பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெவாடா, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரம். செல்போன் எந்தக் கரையின் நேரத்தைக் காட்டுவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தாவியது. ஒரு படிவம் கொடுத்தார்கள். நீந்தத் தெரியுமா என்று ஒரு கேள்வி. "நன்றாகத் தெரியும்" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைப் பார்த்தாள். தன் படிவத்தில் "ஓரளவு" என்று அடித்தாள்.

வழிகாட்டி ஒரு சின்னப் பெண். என் மகளாக இருக்கும் வயது. கழுத்தில் விசில், வெயிலில் காய்ந்த முகம். கரையில் எல்லோரையும் நிற்க வைத்து, துடுப்பைக் கையில் பிடித்துக் காட்டிப் பாடம் எடுத்தாள். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் மகனிடம் பக்கத்து மீன் பண்ணையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அணை வருவதற்கு முன் இந்த ஆறு வண்டல் சுமந்து செக்கச்செவேலென்று ஓடியது, கொலராடோ என்ற பெயரே ஸ்பானிய மொழியில் அந்தச் செந்நிறத்தைத்தான் சொல்கிறது, இப்போது வண்டல் முழுக்க மேலே ஏரியில் படிந்துவிடுவதால் கண்ணாடி மாதிரி வருகிறது, இந்தக் குளிர் டிரவுட் மீனுக்கு ஆகும், ஆற்றின் சொந்த மீன்களுக்கு ஆகாது, அதனால் அவற்றைத் தொட்டியில் வளர்த்து விடுகிறார்கள் என்று. எல்லாம் சரியான தகவல்தான். என் மனைவிக்கு அந்தப் பெண்ணின் ஆங்கிலம் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் கண் எடுக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரட்டை கயாக்கில் பின்னால் உட்காருபவர்தான் படகைத் திருப்ப வேண்டும். கனமானவர் பின்னால் உட்காருவது வழக்கம் என்றாள் அந்தப் பெண். நான் கேட்காமலேயே பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மகனும் மருமகளும் வேறு படகில் முன்னே போய்விட்டார்கள்.

எதிர்நீச்சல் மாதிரித்தான், மரகதக் குகை என்ற இடம் வரைக்கும் ஆற்றை எதிர்த்து மேலே போக வேண்டும். இரண்டு மைல். திரும்பும்போது ஆறே கொண்டுவந்து விட்டுவிடும். இழுப்பு அதிகமில்லை. இரண்டு பக்கமும் எரிமலைப் பாறை கருத்துச் சிவந்து செங்குத்தாக நிற்கிறது. புல் பூண்டு இல்லை. அதற்கு நடுவில், சம்பந்தமே இல்லாமல், பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றியது போல ஆறு. அழகைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை, ஏனென்றால் நான் பார்த்தது பெரும்பாலும் என் மனைவியின் முதுகைத்தான். அவளுக்கு ஐந்தே நிமிடத்தில் கை பழகிவிட்டது. இடது, வலது, இடது, வலது. நான் பத்துத் தடவை போட்டுவிட்டுத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தால் மட்டும் தண்ணீரைத் தொடுவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போகும் வழி முழுக்க அவள்தான் இழுத்தாள், தன்னையும், என்னையும், என் தொண்ணூறு கிலோவையும்.

குகையை நெருங்கும்போது பாறைச் சுவரில் ஒரு பழைய நடைபாலம் தெரிந்தது. 1930களில் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் பாறையை ஒட்டிக் கட்டிய பாலத்தில் நடந்தும், கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி ஆற்றைக் கடந்தும் அளவு நிலையத்துக்குப் போய் வர வேண்டும். என் பிழைப்பே நீரளவுதானே. தலையைத் தூக்கி, "அந்தக் காலத்துல கேஜ் ரீடர் எப்படிப் போயிருக்கான் பாரு" என்று ஆரம்பித்தேன். அவள் கையை நிறுத்தித் திரும்பினாள். படகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் படகு கடந்து போக, அதன் அலை வந்து எங்களைத் தூக்கியது. பாறை நெருங்கியது. "பாறையப் பிடிக்காதீங்க" என்றாள் அவள். நான் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்தேன். நான் நின்ற இடத்தில் நின்றேன், படகு எனக்குக் கீழே நகர்ந்து போனது.

அடுத்து நடந்ததை மூன்று வருடமாகக் கதையிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன்.

லைஃப் ஜாக்கெட் இருந்தது. மூழ்கவே முடியாது. ஆனால் நேற்று நான் ஒப்பித்த 12 டிகிரி என் நெஞ்சைப் பிடித்தபோது எனக்கு எந்த விவரமும் நினைவில் இல்லை. மூச்சை இழுக்கிறேன், இழுக்கிறேன், விட முடியவில்லை. கைக்கு எட்டியதைப் பிடித்தேன். எட்டியது அவள் தலை. பிடித்து அமுக்கினேன். அவள் முகம் தண்ணீருக்குள் போனதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் விடவில்லை. அவள் மேலே வந்து, இருமி, என் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டாள். "மூச்ச விடுங்க. கால ஒதைக்காதீங்க. நான் இருக்கேன்ல." திருவையாற்றில் சின்னப் பிள்ளைகளை அப்படித்தான் பிடிப்பார்களாம். பிறகு சொன்னாள்.

வழிகாட்டிப் பெண் வந்து படகை நிமிர்த்தி எங்களை ஏற்றினாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்றும்போது என் மனைவியிடம் பின்சீட்டைக் காட்டினாள், என்னிடம் முன்சீட்டைக் காட்டினாள், அவ்வளவுதான். அந்த வரிசையிலேயே மரகதக் குகைக்குள் போனோம். நடுப்பகல் வெயில் தண்ணீருக்குள் இறங்கித் திரும்பியதில் குகைக் கூரை வரை பச்சை நெளிந்தது. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அங்கே எடுத்த போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. "என்ன மாமா, அத்தை பின்னாடி இருக்காங்க?" என்று கேட்பவர்களுக்கு, "போட்டோவுக்காக மாறி உக்காந்தோம்" என்று பதில் வைத்திருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் மகன் ஓடி வந்தான். "என்னப்பா ஆச்சு?" அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "உங்கம்மா ஆட்டைப் பாக்கறேன்னு சாஞ்சுட்டா." யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. 32 வருடப் பழக்கம். எங்கள் துறையில் கரை உடைந்தால் யாரும் உடைத்ததாக எழுத மாட்டோம். "எதிர்பாராத நீர்வரத்தின் காரணமாக உடைப்பு ஏற்பட்டது" என்று எழுதுவோம். கவிழ்ந்தது, கவிழ்த்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தை மாற்றியே நான் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன்.

இதே பள்ளத்தாக்கின் வாயிலில் 1858இல் ஜோசப் ஐவ்ஸ் என்ற ராணுவ லெப்டினன்ட் நீராவிப் படகில் வந்து, தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறையில் மோதினார். படகின் பெயர் எக்ஸ்ப்ளோரர். அதில் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். ஊருக்குத் திரும்பி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியபோது அந்த மோதலையும் எழுதினார், 1861இல் அது அச்சேறியது. இதை ஊர் திரும்பிய பிறகு படித்தேன். படித்ததைக்கூட அடுத்த கிரகப்பிரவேசத்தில் கதைக்கு முன்னுரையாகச் சேர்த்துக்கொண்டேன், அந்த மோதலோடு அவளைச் சேர்த்துக் கிண்டலடிக்க.

போன மாதம் தங்கை வீட்டில் அதே கதை. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தங்கையின் பேரன், ஏழு வயசு, அவளிடம் போய்க் கேட்டான்: "நெஜமாவே நீதான் கவுத்தியா பாட்டி?" அவள் அவன் தலையைக் கோதியபடி, "ஆமாடா கண்ணு, பாட்டிக்கு நீச்சல் தெரியும்ல, அதான்" என்றாள். யாருக்கும் புரியவில்லை. எனக்கு அன்றைக்கு இட்லி இறங்கவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து முதலில் அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே படித்தாள். தலையை அமுக்கிய இடத்தில் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அதைத் தாண்டிப் போய்விட்டாள். கடைசியில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "இந்த மோட்டார் படகு நாம விழறதுக்கு முன்னாடியா வந்துச்சு?" என்றாள்.

"ஆமா. அந்த அலையிலதானே..."

"அது நாம தண்ணியில கெடக்கும்போதுல்ல வந்துச்சு. அந்தப் பொண்ணு விசில் ஊதி மெதுவாப் போகச் சொன்னாளே. நாம விழுந்தப்ப ஆறு தட்டுல ஊத்தி வச்ச மாதிரில்ல இருந்துச்சு."

விசில் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. அவள் தலையை நான் பிடித்திருந்தபோது கேட்டது. அலை வந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன்.

"அடிக்காதீங்க, கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.