இரண்டு வெற்றுப் பக்கங்கள்

பயணம் போகிறவர்கள் கடவுச்சீட்டில் காலாவதித் திகதியைப் பார்ப்பார்கள். விசாவைப் பார்ப்பார்கள். எஞ்சியிருக்கும் வெற்றுப் பக்கங்களை எண்ணிப் பார்ப்பவர்கள் அரிது. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து, பிறருக்குப் பயண எச்சரிக்கைகள் எழுதிக் கொடுத்த நானும் எண்ணிப் பார்த்தவனல்லன். அதற்கு நான் கொடுத்த விலையை எழுதத்தான் இந்தப் பதிவு.

2018ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு. நீலகிரி மாவட்டத்துச் சேரம்பாடியில் என் அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்தார். என் தகப்பனாரின் ஒரே அக்கா. "மச்சான், அம்மா உன்னத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு" என்று அத்தை மகன் தொலைபேசியில் சொன்ன மறுகணமே இந்தியாவுக்கான இணையவழி விசாவுக்கு விண்ணப்பித்தேன். விசா மின்னஞ்சலில் வந்துவிட்டது. சென்னைக்குப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கட்டுநாயக்க சென்றேன்.

விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் இருந்த இளம்பெண் என் கடவுச்சீட்டை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டினாள். "சேர், வெறும் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு வேண்டும்" என்றாள். கடைசித் தாள்களைக் காட்டினேன். அவை அதிகாரிகளின் குறிப்புகளுக்கு உரியவை, முத்திரைக்கு ஆகாது என்றாள். ஒரு மூலையில் மட்டும் முத்திரை விழுந்த பக்கத்தைக் காட்டினேன். அது வெற்றுப் பக்கமில்லை என்றாள். மேலதிகாரி வந்தார். அவரும் அதையே சொன்னார். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. விசா விண்ணப்பத்துக்கான அறிவுறுத்தல்களிலேயே இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. வாசித்தவன், எண்ணிப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

சனி, ஞாயிறு அலுவலகங்கள் பூட்டு. ஞாயிறு விடியற்காலை அத்தை காலமானார். அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். புதிய கடவுச்சீட்டு எடுத்து, விசாவுக்கு மறுபடியும் விண்ணப்பித்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் என்னால் போய்ச்சேர முடிந்தது.

என் கடவுச்சீட்டு அத்தனை சீக்கிரம் நிறைந்ததற்கு நான் பெரும் பயணி என்பது காரணமன்று. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பவன் பெரும்பாலான நாடுகளுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். ஒட்டுவில்லை விசா ஒன்று ஒரு முழுப் பக்கத்தை விழுங்கிவிடும். நுழைவு, வெளியேற்ற முத்திரைகள் எதிர்ப்பக்கத்தில் விழும். நான்கு நாள் மாநாடு ஒன்றுக்கு ஜெனீவா போய்வந்தால் இரண்டு பக்கம் போய்விடும். அதே மாநாட்டுக்கு விசா இன்றி வந்த மேற்கு நாட்டுப் பத்திரிகையாளனுக்கு ஒரு மூலையில் சிறு முத்திரை, அவ்வளவுதான். வலிமை குறைந்த கடவுச்சீட்டுத்தான் விரைவில் நிறைகிறது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான 2009ஆம் ஆண்டின் விசாச் சட்டக்கோவை, விண்ணப்பதாரியின் கடவுச்சீட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கக் கடவுச்சீட்டில் முன்னர் 24 மேலதிகத் தாள்பக்கங்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். 2016 ஜனவரி 1 முதல் அந்த வசதியும் இல்லை. பக்கம் தீர்ந்தால் புதிய புத்தகம்தான். இந்தியாவில் 36 பக்கப் புத்தகத்துக்குப் பதிலாக 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்கலாம். முத்திரை குத்தும் வழக்கமே மெல்ல மறைந்து வருகிறது என்பதும் உண்மை. ஹொங்கொங் 2013இல் நிறுத்தியது. சிங்கப்பூர் 2020இல் நிறுத்தியது. ஷெங்கன் நாடுகள் 2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கணினிப் பதிவுக்கு மாறத் தொடங்கின. ஆயினும் நம்போன்றோருக்கு ஒட்டுவில்லையின் பக்கச்செலவு தொடர்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, அத்தை மகன் தகரப் பெட்டியொன்றைத் திறந்தான். மஞ்சள் துணியில் சுற்றியிருந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். அத்தையின் இந்தியக் கடவுச்சீட்டு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் வழங்கப்பட்டது. படத்தில் அத்தைக்கு முப்பது வயதுகூட இராது. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தலையில் எண்ணெய் தடவி, வகிடெடுத்து, கமராவைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்.

அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நோர்வூட்டில் ஒரே லயத்தில் பிறந்த அக்காவும் தம்பியும் இரு வேறு கணக்கில் விழுந்தார்கள். தகப்பனார் இலங்கைக்கு விண்ணப்பித்தார். அத்தையின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்.

1975இல் அவர்கள் புறப்பட்டபோது எனக்கு ஐந்து வயது. ஹட்டன் புகையிரத நிலையத்து மேடையில் அம்மா என்னை இடுப்பில் வைத்திருந்ததும், வண்டி நகர்ந்ததும் பெண்கள் எழுப்பிய ஒப்பாரியும் மாத்திரம் நினைவிருக்கின்றன. அத்தை சன்னல் வழியே என் கையைப் பிடித்து, "மருமகனே, தீபாவளிக்கு வர்றேன்" என்றாராம். இது அம்மா சொல்லித் தெரிந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இங்கே அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். அங்கே சிலோன்காரர் என்றார்கள். மறுபடியும் அதே தேயிலைச்செடி, அதே குளிர், அதே கூடை.

அந்தக் கடவுச்சீட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு முத்திரைகள். ஒன்று இலங்கையிலிருந்து வெளியேறியது. மற்றது இந்தியாவில் நுழைந்தது. மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மடிப்புக் குலையாமல், மை படாமல், அச்சிட்ட நாளில் இருந்தபடியே இருந்தன. தீபாவளிக்கு வருவதற்கு அத்தையிடம் பக்கம் இருந்தது. காசு இருக்கவில்லை. காசு சிறிது சேர்ந்த காலத்தில் போர் மூண்டு கப்பல் நின்றுபோனது. பின்னர் புத்தகமே காலாவதியானது. 1992இல் என் தகப்பனார் இறந்தபோது நாங்கள் அனுப்பிய தந்தி சேரம்பாடிக்குப் போய்ச்சேர்ந்த வேளையில் இங்கே அடக்கம் முடிந்திருந்தது. தம்பியின் முகத்தை அக்கா பார்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அக்காவின் முகத்தைத் தம்பி மகன் பார்க்கவில்லை.

2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் உரையாற்றியபோது நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அன்றிரவு அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எங்க ஊருக்கு அவரே வந்துட்டாரா? என்னாலதான் வர முடியல" என்று சிரித்தார். அடுத்த ஆண்டு அழைத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அத்தைக்குப் புதிய கடவுச்சீட்டு எடுக்க விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதாக மச்சானும் சொன்னான். இருவரும் நாளைக் கடத்தினோம்.

வாசக நண்பர்களுக்கு, குறிப்பாகக் கடல்கடந்து வாழ்வோருக்கு, ஒரு வேண்டுகோள். நமக்கு இழவுச் செய்தி விடியற்காலைத் தொலைபேசியில் வருகிறது. புறப்பட ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை. இன்றே கடவுச்சீட்டை எடுத்து வெற்றுப் பக்கங்களை எண்ணுங்கள். கடைசியிலுள்ள குறிப்புப் பக்கங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்குக்குக் குறைந்தால் புதியதற்கு விண்ணப்பியுங்கள். முத்திரை குத்தும் அதிகாரியிடம், ஏற்கெனவே முத்திரையுள்ள பக்கத்தில் இடமிருக்கிறது என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அநேகர் மறுப்பதில்லை.

அத்தையின் கடவுச்சீட்டை மச்சான் என்னிடமே தந்துவிட்டான். இப்போது அது நோர்வூட்டில், எங்கள் வீட்டு அலுமாரியில், தகப்பனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழோடு இருக்கிறது. அத்தை திரும்பி வந்ததாக அம்மா அதைச் சாமிப்படத்தின் முன் ஒரு நாள் வைத்திருந்தார்.