பிள்ளைகள் பெற்றோரை அழைத்துவரும் கலைக்கூடம்



அருங்காட்சியகம் என்றவுடன் உங்கள் உள்ளத்தில் எழும் காட்சி எது? உயர்ந்த படிக்கட்டுகள், தடித்த தூண்கள், 'தொடாதீர்கள்' என்னும் பலகை, வாயிலில் அமர்ந்திருக்கும் காவலர் ஆகியவைதாமே? பள்ளி நாட்களில் ஆசிரியர் பின்னால் வரிசையாக நடந்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததோடு நம்மில் பலருக்கும் அந்த உறவு முடிந்துவிட்டது. 'அதெல்லாம் படித்தவர்களும் பணக்காரர்களும் போகிற இடம், நமக்கெதற்கு?' என்று இல்லத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அதிலும் 'தற்காலக் கலை' என்று சொல்லிவிட்டால், நமக்கு விளங்காத ஏதோ ஒன்று என்று ஒதுங்கிவிடுகிறோம்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று; உலகெங்கும் எளிய குடும்பங்களில் காணப்படுவதே. இதனை ஓர் ஊர் எவ்வாறு எதிர்கொண்டது என்பதைக் காண, உங்களை ஜப்பான் நாட்டின் கனாசாவா நகருக்கு அழைத்துச் செல்கிறேன். வாருங்கள்!

தங்கத் தாளின் நகரம்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவின் வடமேற்குக் கரையோரம், இஷிகாவா மாநிலத்தின் தலைநகராக விளங்குகிறது கனாசாவா. தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். 2015ஆம் ஆண்டில்தான் இந்த ரயில் பாதை நகரை எட்டியது. மழையும் பனியும் மிகுந்த ஊர். 'சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறவாதே' என்பது அங்கே வழங்கும் முதுமொழி.

பழங்காலத்தில் மாயிதா என்னும் பிரபு மரபினரின் ஆட்சியில் செழித்த நகரம் இது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் பழைய தெருக்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. ஜப்பானில் தயாராகும் தங்கத் தாளில் நூற்றுக்குத் 99 பங்கு இந்நகரில்தான் தட்டி எடுக்கப்படுகிறது. பட்டில் சாயந்தீட்டுவோர், பீங்கானில் வண்ணம் ஏற்றுவோர் எனக் கைவினைஞர்கள் நிறைந்த ஊர். கென்ரோகுவென் என்னும் புகழ்பெற்ற தோட்டமும் இங்கேதான் இருக்கிறது.

இத்தகைய பழம்பெருமை வாய்ந்த நகரின் நடுவில், அந்தத் தோட்டத்துக்கு அருகிலேயே, 2004 அக்டோபர் 9ஆம் நாள் ஒரு புத்தம்புதிய கட்டடம் திறக்கப்பட்டது. '21ஆம் நூற்றாண்டுத் தற்காலக் கலை அருங்காட்சியகம்' என்பது அதன் பெயர். அதற்கு முன்னர் அந்த நிலத்தில் பள்ளிக்கூடங்கள் இருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னும் பின்னும் இல்லாத மாளிகை

தொலைவில் நின்று பாருங்கள். உயரமான கோபுரம் இல்லை. ஏறிச் செல்லப் படிக்கட்டுகள் இல்லை. 112.5 மீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர். கஸூயோ செஜிமா, ரியூவே நிஷிசாவா என்னும் இரு கட்டடக் கலைஞர்களின் படைப்பு இது. வட்டத்துக்கு முன்புறம் ஏது, பின்புறம் ஏது? வெவ்வேறு திசைகளிலிருந்து நுழையலாம். வெளியே நடப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிகிறார். உள்ளே இருப்பவருக்குத் தெருவும் மரங்களும் தெரிகின்றன. 'உள்ளே போகலாமா, கூடாதா?' என்ற தயக்கத்தைக் கட்டடமே போக்கிவிடுகிறது.

வட்டத்தின் வெளிப்பகுதி பொதுமக்களுக்கு உரியது. அங்கே நுழையக் கட்டணமில்லை. இரவு 10 மணி வரை திறந்திருக்கும். நூலகம் இருக்கிறது. சிறுவர்கள் வெட்டி ஒட்டி வண்ணந்தீட்டி மகிழ ஒரு பட்டறை இருக்கிறது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் பிள்ளையைச் சிறிது நேரம் பாதுகாப்பாக விட்டுவிட்டு அமைதியாகப் பார்த்துவர ஓர் அறையும் இருக்கிறது. நடுவிலுள்ள கண்காட்சிக் கூடங்களுக்கு மட்டுமே கட்டணம்.

எல்லாருக்கும் விளங்கும் பாடம்

கலை என்றால் சிலைகளும் சித்திரங்களும்தாம் என்று எண்ணியிருப்பீர்கள். இங்கே முதலில் கண்ணைக் கவர்பவை வானமும் நீரும் ஒலியும் நிறமுமே.

ஜேம்ஸ் டரெல் அமைத்த அறைக்குள் செல்லுங்கள். கூரையின் நடுவே சதுரமாக ஒரு திறப்பு. அதில் கண்ணாடியும் இல்லை. சுவரோரம் அமர்ந்து மேலே நோக்கினால் வானம் மட்டுமே தெரியும். மேகம் நகரும்; நிறம் மாறும்; மழை பெய்தால் அறைக்குள்ளேயே விழும். நாள்தோறும் நம் தலைக்கு மேலுள்ள வானத்தை நாம் எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருக்கிறோம் என்று அந்த அறை நம்மையே கேட்கிறது.

அர்ஜென்டினாவின் லியாண்ட்ரோ எர்லிக் அமைத்த நீச்சல் குளத்தைக் காணுங்கள். குளத்தின் அடியில் உடை நனையாமல் மனிதர்கள் நடமாடுகிறார்கள்! கண்ணாடித் தளத்தின் மேல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீரே நிற்கிறது. அதன் கீழே இருப்பது வெறும் அறை. மேலிருப்பவர் கீழே பார்த்து வியக்கிறார். கீழிருப்பவர் அலையாடும் முகங்களை மேலே பார்த்துக் கையசைக்கிறார். கண் கண்டதையெல்லாம் உடனே நம்பிவிடலாகாது என்ற பாடத்தை ஐந்து வயதுப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறது.

வெளியே புல்வெளியில் புனல் வாய் கொண்ட 12 குழாய்கள் நிற்கின்றன. ஃப்ளோரியன் க்ளார் என்பவரின் படைப்பு. இரண்டிரண்டாக நிலத்தடியில் இணைந்திருக்கும் அவற்றில் எது எதனோடு சேர்ந்தது என்பது பார்த்தவுடன் தெரியாது. ஒன்றில் பேரன் பேச, எங்கோ தொலைவிலுள்ள மற்றொன்றில் பாட்டியார் காது கொடுக்கவேண்டும். தனியாக வந்தவருக்கு அது வெறும் குழாய். துணையோடு வந்தவருக்கே அது பேசும்.

நாற்பதாயிரம் பிள்ளைகளின் பயணம்

வாசகர்களே, இவை யாவும் அழகுதான். ஆயினும் நான் உங்களை இங்கே அழைத்துவந்தது வேறொரு செய்தியைச் சொல்வதற்காகவே.

அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் யுதாகா மினோ. அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடத்திலும் பணியாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. விரும்பியவர்கள் வரட்டும் என்று காத்திருந்தால், ஏற்கெனவே பழக்கமுள்ள குடும்பங்கள் மட்டுமே வரும். வராதவர் என்றைக்கும் வரமாட்டார். ஆகவே, திறப்பு விழாவை ஒட்டிய மாதங்களில் நகரின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் அனைவரும் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர்! கெட்டிக்காரப் பிள்ளை, மந்தமான பிள்ளை என்றோ, செல்வர் வீடு, ஏழை வீடு என்றோ எந்தத் தெரிவும் செய்யப்படவில்லை. பள்ளி பள்ளியாக வந்து அனைவரும் பார்த்தனர்.

அத்திட்டத்துக்கு 'அருங்காட்சியகக் கப்பற்பயணம்' என்று பெயர். அதன்பின் ஆண்டுதோறும் நகரின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இவ்வாறு வருவது வழக்கமாயிற்று. கப்பலுக்கு மாலுமிகள் வேண்டாமா? நகரத்துப் பொதுமக்களே தொண்டர்களாக முன்வந்து, சிறு சிறு குழுக்களாகப் பிள்ளைகளுடன் நடக்கிறார்கள். 'இதன் பொருள் இதுதான்' என்று அவர்கள் விரிவுரை நிகழ்த்துவதில்லை. 'உனக்கு என்ன தெரிகிறது?' என்று வினவிவிட்டுச் செவிசாய்க்கிறார்கள். பிள்ளைக்குக் கல்வி, உடன் நடக்கும் பெரியவருக்கும் கல்வி!

விடைபெறும் பிள்ளையின் கையில் ஒரு சீட்டு தரப்பட்டது. 'இன்னும் ஒருமுறை' என்பதே அதன் பெயர். அதைக் காட்டினால் அப்பிள்ளை மீண்டும் ஒருமுறை கட்டணமின்றிக் கண்காட்சியைப் பார்க்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை தனியாக எப்படி வரும்? 'வாப்பா, நீங்களும் வாருங்கள். உம்மா, நான் காட்டுகிறேன்' என்று கையைப் பிடித்து இழுத்துத்தானே வரும்! பெரியவர்கள் தமக்குரிய கட்டணத்தைச் செலுத்தி உள்ளே வருவார்கள். அருங்காட்சியகத்துக்கு வருவாய், குடும்பத்துக்கு ஒரு புதிய பழக்கம். அன்று பிள்ளை வழிகாட்டி, பெற்றோர் மாணவர். முதல் ஓராண்டில் வருகை தந்தோர் தொகை, நகர மக்கள்தொகையைப் போல் மும்மடங்காகிய 15 லட்சத்தையும் தாண்டியது.

பெரியவர்களுக்கான ஏற்பாடுகளும் குறைவில்லை. 2007ஆம் ஆண்டில் கலைஞர் கட்சுஹிகோ ஹிபினோ, நகர மக்களுடன் சேர்ந்து அந்த வட்டக் கண்ணாடிச் சுவரைச் சுற்றிலும் காலையில் மலரும் பூங்கொடிகளை வளர்த்தார். நடுவதும் நீரூற்றுவதும் முற்றிய விதையைச் சேகரிப்பதும் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லாருக்கும் தெரிந்த வேலைதானே! கலை என்ற சொல்லுக்கு அஞ்சியவரும் செடிக்கு நீரூற்ற அஞ்சவில்லை.

நிலம் நடுங்கிய பின்னும்

2024 ஜனவரி முதல் நாள், அண்மையிலுள்ள நோதோ தீபகற்பத்தைக் கடும் நிலநடுக்கம் உலுக்கியது. அருங்காட்சியகத்தின் கண்காட்சிக் கூடங்களில் மேற்கூரைக் கண்ணாடிப் பலகைகள் விழுந்தன. அக்கூடங்கள் மூடப்பட்டன. பழுதுகள் சீர்செய்யப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டன. 2004இல் சீட்டோடு வந்த பிள்ளைகளில் மூத்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நான்காம் வகுப்புக்கு வரும் காலமும் நெருங்கிவிட்டது.

வாசகர்களே! கனாசாவாவுக்கு நாம் எல்லாரும் போகமுடியாது. ஆனால் அந்நகரின் படிப்பினையை நம் வீட்டுக்குக் கொண்டுவர விமானச் சீட்டு வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ பிள்ளைகளுடன் செல்லுங்கள். வீட்டு முதியவர்களையும் விட்டுவிடாதீர்கள். அங்கே எதையும் விளக்க முற்படாதீர்கள். 'உனக்கு என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். திரும்பி வரும்போது, 'இன்னும் ஒருமுறை வரலாமா?' என்று பிள்ளை கேட்டால், மறுக்காமல் ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள்.