கத்திரி வெயிலில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு

டிசம்பரில் நம் காதில் விழும், பிள்ளைகள் சேர்ந்து பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பல மே மாதத்தில் பதிவானவை. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கத்துச் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியானது. வேறு வழியில்லாமல்தான் கோடையில் பதிவு செய்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளைகளைப் பாட வைக்க அதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தின் பலன் பாட்டில் தெரிவதும் தெரியாமல் போவதும் கூடத்துக்குள் பிள்ளைகளை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. பாட்டில் நாம் கேட்கும் சந்தோஷத்தைத் தருவது வெளியில் இருக்கும் பருவம் என்பதைவிட, பாடுகிற பிள்ளையின் சௌகரியம் என்பதே சரி.

காலண்டரைப் புரட்டினாலே பாதி விஷயம் விளங்கிவிடும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்து சளியையும் இருமலையும் வகுப்பறை முழுக்கப் பரப்பிவிடும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் மூன்று பேருக்குத் தொண்டை கட்டினால் அன்றைய கால்ஷீட் வீண். நவம்பர் முடிந்தால் கேரல் ரவுண்ட்ஸ் வந்துவிடும். இரவில் தெருத்தெருவாகப் பாடிய தொண்டை மறுநாள் மைக்குக்கு ஆகாது. பாட்டு அதற்கு முன்பே வெளிவந்தால்தான் மற்றச் சபைகளின் பாடகர் குழுக்கள் கேட்டுப் பழக முடியும். மிக்ஸிங், மாஸ்டரிங், வீடியோ எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் கணக்கு கோடை விடுமுறையில்தான் வந்து நிற்கும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகப் பிள்ளைகள் ஏற்கெனவே சர்ச்சில் கூடியிருப்பதால் குழு சேர்க்க அலையவும் வேண்டாம். பையன்கள் விஷயத்தில் இன்னொரு அவசரமும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையத் தொடங்கும். மே மாதத்தில் மேல் ஸ்தாயியைத் தெளிவாகப் பிடிக்கிற பையனுக்கு டிசம்பரில் அதே வரி எட்டாமல் போகலாம்.

நாற்பது டிகிரி வெயிலில் நின்றுகொண்டு மார்கழிப் பனியைப் பாடுவது பொய்யாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி பண்டிகையையும் பண்டிகைக்கான வேலையையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. பொங்கலுக்குக் கடிக்கிற செங்கரும்பைச் சித்திரை வெயிலில்தானே நடுகிறார்கள்? உலகெங்கும் அதிகமாக விற்ற கிறிஸ்துமஸ் பாட்டு என்று பேர் பெற்ற 'வைட் கிறிஸ்துமஸ்' பாட்டை பிங் க்ராஸ்பி பதிவு செய்த நாள் 1942 மே 29. மூலப் பதிவு தேய்ந்துபோனதால் 1947-இல் அவர் மறுபடி பாடினார். அதுவும் மார்ச் மாதத்தில்தான். 1973-இல் 'விஸார்ட்' என்ற ஆங்கிலேய இசைக்குழு தன் கிறிஸ்துமஸ் பாட்டை ஆகஸ்டில் பதிவு செய்தபோது, கூடத்தில் தோரணங்கள் கட்டி, மின்விசிறிகளைச் சுழலவிட்டுக் குளிரை வரவழைத்துக்கொண்டது. நமக்கு அந்த ஒப்பனைகூடத் தேவையில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேமைக் குறவஞ்சியாகவே பாடிவிட்டார். உறைபனியை நம்பித் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு என்றைக்கும் இருந்ததில்லை.

உண்மையான சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. சிறிய கூடங்களில் டேக் ஓடும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள். அதன் மெல்லிய உறுமலைக் கண்டென்சர் மைக் விடாமல் பிடித்துக்கொள்ளும். கதவைச் சாத்தி, ஏசியை அணைத்து, பன்னிரண்டு பிள்ளைகளை அரைவட்டமாக நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே அறை புழுங்கத் தொடங்கிவிடும். செருப்பு வாசலிலேயே நின்றுவிடும்; கொலுசும் கண்ணாடி வளையலும் கழன்று அம்மாக்களின் கைப்பைக்குள் போய்விடும். தாள் சலசலக்கும் என்பதால் கையில் பாட்டுத்தாளும் கிடையாது. 'கிறிஸ்து' என்ற சொல் வரும் இடத்தில் பன்னிரண்டு 'ஸ்' பன்னிரண்டு நேரத்தில் விழும். அதற்குப் பாட்டு மாஸ்டர் ஒரு வழி வைத்திருக்கிறார்: முன்வரிசையில் இரண்டு பேர் மட்டும் 'ஸ்' சொல்லுங்கள், மற்றவர்கள் அதை விழுங்கிவிட்டு உயிரொலியை மட்டும் இழுங்கள். கேட்கும்போது சொல் ஒரே வெட்டாக விழும். ஒரே வரியை மூன்று தடவை பாட வைத்து மூன்றையும் அடுக்கினால் பன்னிரண்டு பேர் முப்பத்தாறு பேராக ஒலிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நிற்கும் இடத்தை மாற்றிவிட்டால்தான் அடுக்கியது காட்டிக்கொடுக்காது.

இந்த நுட்பங்களெல்லாம் களைப்பு வந்துவிட்டால் பலிக்காது. களைத்த பிள்ளையின் சுருதி கீழே இறங்கும். சொல்லின் முனை மழுங்கும். சிரித்துக்கொண்டு பாடு என்று எத்தனை தடவை சொன்னாலும் குரலில் சிரிப்பு வராது. நல்ல சவுண்ட் என்ஜினியர்கள் இதை மென்பொருளில் சரிசெய்ய உட்காருவதில்லை. இரண்டு டேக்குக்கு ஒரு முறை கதவைத் திறந்து, ஏசியைப் போட்டு, ஐஸ் போடாத தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். கெட்டிக்கார இசையமைப்பாளர் கருவியிசையைப் பதிவதற்கு முன்பே பிள்ளைகளைப் பாட வைத்துப் பார்த்து, தேவையானால் அரைக்கட்டை இறக்கிவிடுகிறார். பெரியவர் பாடிய ட்ராக்கின் சுருதியிலேயே பிள்ளைகளையும் நிறுத்துகிறவர், அந்த அரைக்கட்டையின் விலையை அவர்களின் தொண்டையிலிருந்து வசூலிக்கிறார்.

இவ்வளவு பாடு எதற்கு, பெரியவர்களைப் பாட வைத்தால் போதாதா என்று கேட்கலாம். 'களத்தூர் கண்ணம்மா' (1960) படத்தில் சிறுவன் கமல்ஹாசனுக்கு எம்.எஸ்.ராஜேஸ்வரி பாடியதை யாரும் குறையாக எண்ணவில்லையே? உண்மைதான். ஆனால் அவர் தந்தது ஒரே ஒரு குழந்தையின் குரல். கூட்டத்தின் அழகு வேறு வகை. ஒருத்தியின் 'ழ' சற்றுத் தடிக்கும், ஒருவன் மூச்சை அரை நொடி முன்னால் இழுப்பான். இந்தச் சின்னச் சின்ன ஒழுங்கின்மைகள் சேர்ந்ததுதான் பிள்ளைகளின் கூட்டுக்குரல். கணினியில் வாங்கக் கிடைக்கும் கோயர் ஒலித்தொகுப்புகளில் பெரும்பாலும் 'ஆ', 'ஊ' என்ற உயிரொலிகள்தான் இருக்கும். தமிழ் வல்லினம் இரட்டித்து வரும் இடத்தில் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, இந்தப் பாட்டில் வேறு யாராலும் ஈடுசெய்ய முடியாத உழைப்பு பிள்ளைகளுடையது. கீபோர்டு கலைஞருக்குச் சம்பளம் உண்டு, கூடத்துக்கு வாடகை உண்டு. பிள்ளைகளுக்குப் பல இடங்களில் பிரியாணிப் பொட்டலத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இது ஊழியம், கடவுளுக்குச் செய்வதற்குக் கூலி கேட்பதா என்று பதில் வரும். பிள்ளையும் பெற்றோரும் மனமுவந்து காணிக்கையாகப் பாடினால் யாரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் கூடத்தில் இருக்கும் மற்றவர்களுக்கெல்லாம் தொழிலாக இருப்பது பிள்ளைகளுக்கு மட்டும் ஊழியமாகிவிடுவது நியாயமில்லை. ஊழியம் என்ற பேரில் ஓய்வையும் மறுக்க முடியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தத்தின்படி பாடும் பிள்ளையும் 'கலைஞர்'. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பேரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன.

பேர் போடுவதற்கோ செலவே இல்லை. 'விஸார்ட்' இசைத்தட்டின் லேபிளில் பர்மிங்ஹாமின் ஸ்டாக்லாண்ட் கிரீன் பள்ளிப் பாடகர் குழுவின் பேர் அச்சாகியிருந்தது. ஜான் லெனன் 1971-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாட்டிலும் பிள்ளைகள் பாடிய ஹார்லெம் சமூகப் பாடகர் குழுவுக்கு அந்த இடம் கிடைத்தது. நம் யூடியூப் பாட்டுகளின் கீழே தயாரிப்பாளர், இசை, கேமரா, எடிட்டிங், நன்றி என்று பட்டியல் நீளும். பிள்ளைகள் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள். வருகிற கோடையில் பதிவுக்குப் போகிறவர்கள் மணிக்கணக்கையும் சம்பளத்தையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் சம்மதித்தால் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் போடுங்கள். தயங்கினால் குழுவின் பேரையாவது போடுங்கள்.